முதுகில் தடவிய மருந்து

புந்தோங், ஈப்போ
9 மார்ச் 2025

என் அன்பு தினேசுக்கு,

நானும் அம்மாவும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் அம்மாவுக்கு முட்டி வலி, எனக்கு நீ இல்லாத வலி. நீயாவது நலமாக இரு.

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு மூன்று வாரம். போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். கலாதேவி அக்காவுக்குப் போன் அடித்தால், "அவ குளிக்கிறா தம்பி" என்கிறார். மூன்று வாரமாகவா ஒருத்தி குளிப்பாள்? சுங்கை சிப்புட்டில் மற்றவர்களுக்குத் தண்ணீர் மிஞ்சுமா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஆறாம் வகுப்போடு கடிதம் எழுதுவதை விட்டவன் நான். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. சிரித்தாலும் நல்லதுதான்.

வீட்டுச் செய்தி கேள். துவைக்கும் மெஷினில் சோப்புத்தூளை அள்ளிப் போட்டுவிட்டேன், நுரை சமையலறை வரைக்கும் வந்தது. பக்கத்து வீட்டு சதாசிவம் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னா சுகு, டோபிக்காரி இல்லாம கஷ்டமா லா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நோன்புப் பெருநாள் வருவதால் லாரியில் ஓயாத சரக்கு. லூமுட் துறைமுகத்துக்கு வாரம் மூன்று நடை. வீட்டுக்கு வந்தால் அம்மா வைக்கிற ரசத்தைக் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.

நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாய். பால்குடத்தைத் தூக்கப் போகும்போது அம்மா, "தோல் வியாதியோட சாமிக்குப் பால் தூக்காதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அது தப்புதான். ஆனால் அம்மா அந்தக் காலத்து மனுஷி. உன் உடம்பில் வந்திருப்பதை அம்மன் கோபம் என்று நினைக்கிறார். அதற்காகக் கட்டிய புருஷனை விட்டுவிட்டுப் போவார்களா?

என்னோடு வேலை செய்கிற பழனியப்பன் போன வாரம் தாய்லாந்துப் பக்கம், சயாம் பார்டருக்கு லாரி ஓட்டிப் போனான். நம் மருந்து நான்கு டியூப் கொண்டுவந்தான். இரண்டை இதோடு அனுப்புகிறேன். வழக்கம்போலக் குளித்து ஈரம் துடைத்ததும் தடவு. உன் முதுகில் கை எட்டாத இடம் ஒன்று இருக்கிறதே, அதற்கு அக்காவைக் கூப்பிடு. நான் பக்கத்தில் இருந்தால் நானே தடவியிருப்பேன். ஒரு நாள்கூட விடாதே. விட்டால் மூன்றாம் நாளே தீயாகத் திரும்பிவிடும், உனக்குத் தெரியாததா?

கோபம் தணிந்ததும் ஒரு வரி போடு. நானே வந்து கூட்டி வருகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
சுகுமாரன்


சுங்கை சிப்புட்
20 மார்ச் 2025

சுகுமாரன் அவர்களுக்கு,

கடிதமும் டியூப்பும் கிடைத்தன. போனில் பதில் சொல்லமாட்டேன். போனில் நீங்கள் இரண்டு வார்த்தை கிண்டலாகப் பேசினால் நான் உருகிவிடுவேன். காகிதத்தில் என்றால் என் கோபம் அப்படியே இருக்கும்.

நான் பால்குடத்துக்காக வீட்டை விட்டு வரவில்லை. இரண்டு வருஷமாக அத்தை என்ன செய்தார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். எனக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. என் துணிக்குத் தனிக் கொடி, அதுவும் வெயில் படாத பக்கம். "ஊரான் அழுக்குத் துணியைத் தொட்டுத் தொட்டு நோயைக் கொண்டாந்துட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கெர்ட்ரூட் அக்காவின் டோபிக் கடையில் ஏழு வருஷம் வேலை செய்தவள் நான். அந்த வேலையை விடு என்றீர்கள், விட்டேன். விட்டதோடு நிற்காமல், "உங்க கடைத் துணியாலதான் எனக்கு இது வந்துச்சு" என்று கெர்ட்ரூட் அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். அவர் அழுதார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? உங்களுக்கும் அந்த அரிப்பு இருக்கிறது என்று தெரிந்த அன்று நான் பயந்துபோனேன். என்னால்தானே என்று அழுதேன். நீங்கள், "உன்கிட்ட இருந்து எனக்கு வந்தா என்னா? உன் நோயும் என் நோய்தான் லா" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டில் இருந்தேன்.

தைப்பூசத்தன்று கோயில் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக் கால் கழுவினீர்கள். அன்றைக்குத்தான் வெளிச்சத்தில் பார்த்தேன். உங்கள் தொடையில் கருத்துப்போன தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. என் இடுப்பில் இருப்பதைவிட அது பழசு. ஏழு வருஷம் கறை பார்த்தவள் நான். எது பழைய கறை, எது நேற்று விழுந்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அக்காவிடம் சொன்னேன். "இது டோபித் துணியில வர்றது இல்ல. ஆம்பள வெளிய போயி கொண்டாந்தது" என்றாள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். லூமுட்டில் யாராவது இருக்கிறாளா? வாரத்தில் ஒரு ராத்திரி அங்கே தங்குகிறீர்கள். ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். எனக்கு உண்மை தெரிந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டியூப்பைத் தடவிக்கொண்டுதான் இருக்கிறேன். தடவாவிட்டால் உட்கார முடியவில்லை. இங்கே கிளினிக்கில் காட்டினேன், ஈப்போவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

தினேஸ்வரி


லூமுட்
27 மார்ச் 2025

தினேஸ்வரிக்கு,

உன் கடிதத்தைத் துறைமுகத்து வாசலில், லாரிக்குள் உட்கார்ந்து படித்தேன். முன்னால் பதினாறு லாரி நின்றது. பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் வரிசை நகர்ந்ததே எனக்குத் தெரியவில்லை.

இல்லை. யாரும் இல்லை. கற்பூரம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னால் செய்கிறேன். உன்னைத் தவிர ஒரு பெண்ணை நான் தொட்டதில்லை. லூமுட்டில் நான் தங்குகிற லட்சணத்தை வந்து பார். லாரியின் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்திருப்பேன், கொசு பாடும். அந்த அழகுக்கு எந்தப் பொம்பளை வருவாள்?

எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உனக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவள், என்னை அப்படிப்பட்டவன் என்று நினைத்துவிட்டாயே. தினம் காலையில் உன் முதுகில் யார் மருந்து தடவியது? குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து கட்டிலில் திரும்பி உட்காருவாய். ஒரு பட்டாணி அளவு பிதுக்கி, வட்டத்தின் ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும் தடவி, காய்கிற மட்டும் ஊதிவிடுவேன். வேலைக்கு நேரமானாலும் அதை விட்டதில்லை. வெளியே போகிறவன் செய்கிற வேலையா அது?

கறை பழசு, புதுசு என்று எழுதியிருக்கிறாய். என் தோல் என்ன சட்டைக் காலரா? வெயிலிலும் வேர்வையிலும் கிடக்கிறவன் உடம்பு சீக்கிரம் கருக்கத்தான் செய்யும். இது வெறும் படர்தாமரை. பூஞ்சை. பெண் விவகாரத்தில் வருகிற நோயே இல்லை என்று டாக்டரே சொன்னார். உன் அக்காவுக்கு வைத்தியம் தெரியாது, வம்பு மட்டும் தெரியும்.

நீயும் டாக்டரைப் போய்ப் பார். அவர்கள் வாயால் கேட்டால்தான் உனக்கு நம்பிக்கை வரும். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

வருத்தத்தோடு,
சுகுமாரன்


சுங்கை சிப்புட்
17 ஏப்ரல் 2025

அன்புள்ள லாரிக்காரருக்கு,

முதலில் மன்னிப்பு. இரண்டு கையையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மேல் சந்தேகப்பட்டது பாவம். அக்காவும் வருத்தப்படுகிறாள், ஆனால் வாயால் சொல்லமாட்டாள். உங்களுக்குத்தான் அவளைத் தெரியுமே.

செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மெலிண்டா என்று நம்ம தமிழ்ப் பெண். இடுப்பில் லேசாகச் சுரண்டி எடுத்து, கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். படர்தாமரையேதான். வேறு ஒரு நோயும் இல்லை. ஆனால் பார்த்தவுடனே அவருக்கே தெரியவில்லையாம். வட்டமே கலைந்துபோய், ஊரில் இல்லாத உருவத்தில் இருக்கிறது என்றார். "என்னா தடவுனீங்க அக்கா?" என்று கேட்டார். பையிலிருந்து டியூப்பை எடுத்துக் கொடுத்தேன். சயாம் எழுத்துக்குக் கீழே பொடியாக ஆங்கிலத்தில் மருந்துப் பெயர் இருக்கிறது, அதைப் படித்துவிட்டு, எத்தனை நாளாகத் தடவுகிறீர்கள் என்று கேட்டார்.

அந்த ஒரு டியூப்பில் மூன்று மருந்து இருக்கிறதாம். ஒன்று பூஞ்சையைக் கொல்வது, ஒன்று கிருமியைக் கொல்வது, மூன்றாவது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அடக்குவது அந்த மூன்றாவதுதான். மருந்து கெட்டது இல்லை. என்ன நோய் என்று பார்த்துவிட்டு, இந்த இடத்தில், இத்தனை நாள், மெல்லிசாக என்று டாக்டர் சொன்னால் நல்ல மருந்துதான். சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும். நாம் இரண்டு வருஷம் தடவினோம். அரிப்பு அடங்கியதும் நோய் போய்விட்டது என்று நினைத்தோம், அது அடியில் பரவிக்கொண்டே இருந்தது. அடுப்பு எரிகிறபோது புகை போகிற வழியை மட்டும் அடைத்து வைத்த மாதிரி.

இன்னும் கேளுங்கள். அந்த ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்துவிடுமாம். தொடை இடுக்கு, அக்குள், முகம், இதெல்லாம் ஏற்கெனவே மெல்லிசான இடம், அங்கே சீக்கிரம் கெடும். என் இடுப்பில் பிள்ளை பெற்றவள் வயிறு மாதிரிக் கோடு கோடாக விழுந்திருக்கிறதே, அது அதனால் வந்தது. நகம் பட்டால் தோல் உரிகிறதே, அதுவும். "கோடு மங்கும் அக்கா, முழுசா போகாது" என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு சரியாகிவிட்டேன்.

இப்போது டியூப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் முதலில் அதிகமாக எரியும், பயப்படாதீர்கள், அதற்குத் தனியாக மருந்து தருகிறேன் என்றார். பூஞ்சைக்கு மட்டும் உள்ள கிரீம், வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் தள்ளியும் தடவ வேண்டும். மாத்திரையும் இருக்கிறது. துணி, துண்டு எல்லாம் தனித்தனி, நல்ல வெயிலில் காய வேண்டும். அத்தை என் துணியை நிழலில் போட வைத்தாரே, அது பூஞ்சைக்குத்தான் நல்லதாகப் போயிருக்கிறது.

முக்கியமான விஷயம், ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இருந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும். ஒருத்தர் விட்டால் மற்றவருக்குத் திரும்ப வரும். உங்களுக்கும் நேரம் வாங்கிவிட்டேன். மே ஆறாம் தேதி, செவ்வாய், காலை ஒன்பது மணி. ஐ.சி.யை மறக்காமல் கொண்டுவாருங்கள், அடையாள அட்டை இல்லாமல் பதியமாட்டார்கள். நான் இங்கிருந்து பஸ்ஸில் நேரே வந்துவிடுகிறேன். பார்த்து முடித்ததும் உங்களோடு வீட்டுக்கு வருவதாகத்தான் இருக்கிறேன். அத்தையிடம் சொல்லுங்கள், ரசத்தோடு ஒரு முட்டையாவது பொரித்து வைக்கட்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பூஞ்சை என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எந்த டாக்டர்? நீங்கள் கிளினிக் பக்கமே போகாத ஆள் ஆயிற்றே.

உங்கள்,
தினேசு


புந்தோங், ஈப்போ
9 மே 2025

என் அன்பு தினேசுக்கு,

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் சிரித்தாய். வீட்டுக்கு வருவதற்காகப் பையில் துணிகூட எடுத்து வந்திருந்தாய். நம்பர் கூப்பிடுகிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அறைக்குள் போய் ஐ.சி. கொடுத்ததும் லாரியை நகர்த்தச் சொல்லி காவலர் கூப்பிட்டார். ஓடிப்போய் நகர்த்திவிட்டு வந்தேன், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் நீ வேறு ஆளாக இருந்தாய்.

டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். கடையில் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போய் ஆடை கட்டுகிற வரைக்கும் தொடவில்லை. "என்னா லா தினேசு?" என்று மூன்று தடவை கேட்டேன். "தலை வலிக்குது" என்று சொல்லிவிட்டு சுங்கை சிப்புட் பஸ்ஸில் ஏறிவிட்டாய். உன் துணிப்பை என் கையிலேயே இருந்தது. ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாயே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா முட்டை பொரித்து வைத்திருந்தார்.

எந்த டாக்டர் என்று கேட்டிருந்தாய். அது வேலையிடத்தில் வருஷா வருஷம் வந்து பார்க்கிற டாக்டர். போகிற போக்கில் சொன்னார். அதெல்லாம் பெரிய விஷயமா?

நான் மாத்திரை சாப்பிடுகிறேன், புதுக் கிரீமும் தடவுகிறேன். உன்மேல் சத்தியமாக. நான் என்ன தப்புச் செய்தேன் என்று ஒரு வரி எழுது. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

உன்,
சுகுமாரன்


சுங்கை சிப்புட்
15 மே 2025

சுகுமாரனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள்.

நீங்கள் லாரியை நகர்த்தப் போனபோது நர்ஸ் உங்கள் ஐ.சி. நம்பரைத் தட்டினார். டாக்டர் மெலிண்டா கணினியைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில்தான் கேட்டார். "அக்கா, இவரு ரெண்டாயிரத்து இருபத்து மூணு செப்டம்பர்லயே இங்க வந்திருக்காரே. அந்த கிரீமை நிறுத்துங்க, வீட்டுக்காரவங்களுக்கும் ஒட்டியிருக்கும், அடுத்த வாரமே ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கன்னு சொல்லியிருக்கோம். நீங்க ஏன் வரல?"

நான் ஏன் வரவில்லை? சொல்லுங்கள், நான் ஏன் வரவில்லை?

அதில் இன்னொன்றும் எழுதியிருந்தது. நீங்களே சொன்னதாக. உங்களுக்கு அரிப்பு ஆரம்பித்தது அந்த வருஷம் தைப்பூச விரதத்தில், காயாத மஞ்சள் வேட்டியைத் தினம் துவைத்து ஈரத்தோடு கட்டியதில். எனக்கு ஆரம்பித்தது ஜூன் மாதம். உங்களிடமிருந்து எனக்கு வந்தது. என்னிடமிருந்து உங்களுக்கு அல்ல.

நான் இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன், வேறு வேலை ஓடவில்லை. செப்டம்பரில் உங்களுக்குத் தெரியும். அக்டோபரில், "டோபி வேலைய விட்டுடு தினேசு, அம்மா சொல்றது சரிதான் போல" என்றீர்கள். செப்டம்பரில் தெரிந்துகொண்டு அக்டோபரில் அதைச் சொன்னீர்கள். நான் ஒரு நல்ல மனுஷியை அழவைத்துவிட்டு வந்தேன். தீபாவளிக்கு அத்தை எனக்கு மட்டும் காகிதத் தட்டில் பலகாரம் வைத்தார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகுதான், "உன் நோயும் என் நோய்தான்" என்றீர்கள். நான் உங்களை எவ்வளவு பெரிய மனுஷன் என்று நினைத்தேன்! அன்று உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டேனே, அப்போதாவது உங்களுக்குக் கூசவில்லையா?

எல்லாவற்றையும்கூட விடுங்கள். நிறுத்தச் சொன்ன மருந்தை ஒன்றரை வருஷம் என் முதுகில் உங்கள் கையாலேயே தடவினீர்கள். ஊதிக்கூட விட்டீர்கள். அந்தக் காலை நேரம் ஒன்றுதான் அந்த வீட்டில் என்னுடையது என்று வைத்திருந்தேன். இப்போது அதை நினைத்தால் முதுகு எரிகிறது.

வேலையிடத்து டாக்டர் என்று போன கடிதத்திலும் பொய் எழுதியிருக்கிறீர்கள். இன்னுமா?

எனக்கு உங்களிடமிருந்து விளக்கம் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தையிடம் போய், "அம்மா, அது என்கிட்ட இருந்துதான் அவளுக்கு வந்துச்சு, எனக்கு முன்னமே தெரியும்" என்று சொல்லுங்கள். சதாசிவம் அண்ணன் வீட்டிலும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள், அவர்கள் வீடு வரைக்கும்தானே என் பெயர் நாறியது. சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். இது சத்தியம்.

தினேஸ்வரி


புந்தோங், ஈப்போ
25 மே 2025

என் தினேசுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நீ எழுதியது ஒவ்வொன்றும் உண்மை.

அந்தச் செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது உன்னிடம் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா உன் தட்டைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அது என் தட்டாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு நாளைக்கு என்று நினைத்தேன். ஒரு வாரம் போனபிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாயே என்ற பயம் வந்தது. பயம் நாளுக்கு நாள் பெரிதாகியது, குறையவில்லை. வேலையை விடச் சொன்னதற்கு எனக்குக் காரணமே தெரியவில்லை தினேசு. நீ கடையில் இருந்தால் யாராவது விஷயம் தெரிந்தவர்கள் உன்னிடம் சொல்லிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் நினைத்திருப்பேன் போல. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மருந்தை நிறுத்தித்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் லாரி ஓட்ட முடியவில்லை, அவ்வளவு எரிச்சல். நீயும் தூங்காமல் தவித்தாய், "டியூப் தீர்ந்துடுச்சா?" என்று கேட்டாய். உன்னை அப்படிப் பார்க்க முடியாமல் திரும்பத் தடவினேன். எரிச்சலை அடக்க அவர்களே வேறு வழி சொல்லித் தருவார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் திரும்பிப் போகத் தைரியம் இல்லை. ஊதியது நடிப்பு இல்லை தினேசு. அதை மட்டும் நம்பு.

நல்ல செய்தி ஒன்று. அம்மாவிடம் பேசிவிட்டேன்! நேற்று மத்தியானம் உட்கார வைத்துச் சொன்னேன். டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டார், அது அம்மன் கோபமும் இல்லை, டோபித் துணியும் இல்லை, லாரி சீட்டுச் சூட்டில் வருகிற ஒரு பூஞ்சை, அது எங்கள் இரண்டு பேருக்கும் வந்துவிட்டது, இனி பயமில்லை என்றேன். அம்மா நன்றாகவே கேட்டுக்கொண்டார். "அப்புறம் என்னா, வரச் சொல்லு. அடுத்த தைப்பூசத்துக்கு அவளே பால்குடம் எடுக்கட்டும்" என்றார். அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நீ நினைத்தாயா? மற்ற விவரமெல்லாம் அவருக்கு எதற்கு? ரத்தக் கொதிப்புக்காரி. மகன் இப்படிச் செய்தான் என்று தெரிந்தால் உடைந்துபோவார். நமக்குள் இருக்கட்டும்.

தட்டை நானே எடுத்துச் சேர்த்து வைத்துவிட்டேன். துணிக்கொடியையும் அவிழ்த்துவிட்டேன். வா தினேசு. பஸ் வேண்டாம், நானே வருகிறேன். எந்தக் கிழமை என்று மட்டும் சொல்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
சுகுமாரன்


சுங்கை சிப்புட்
5 ஜூன் 2025

சுகுமாரனுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் கேட்டது எங்கேயாவது இருக்கிறதா என்று தேடித்தேடிப் படித்தேன்.

லாரி சீட்டிலிருந்து இரண்டு பேருக்கும் வந்தது என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் எப்போது உங்கள் லாரி சீட்டில் உட்கார்ந்தேன்? அத்தை அதைக் கேட்கவில்லை. கேட்கமாட்டார் என்று தெரிந்துதானே அப்படிச் சொன்னீர்கள். நான் வந்தால், மன்னிக்கப்பட்டவளாக அந்த வீட்டுக்குள் வரவேண்டும். நான் செய்யாத தப்புக்கு அத்தை என்னைப் பெரிய மனதோடு மன்னிப்பார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பீர்கள். உங்களால் முடியும். பார்த்திருக்கிறேன்.

பயத்தில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது மனம் இளகியது, பொய் சொல்லமாட்டேன். பயப்படாத மனுஷன் யார்? பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த பத்தியில் அத்தையிடம் நீங்கள் பேசியதைப் படித்ததும் பையிலிருந்து துணியை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். அன்றைக்குச் சொல்லாததற்கு என்ன காரணமோ இருக்கட்டும், இப்போது உங்களுக்கு என்ன பயம்? எல்லாம் தெரிந்த பிறகும், நான் கெஞ்சிக் கேட்ட பிறகும், நான் வருவேன் என்று சத்தியம் செய்த பிறகும் உங்களால் அந்த ஒரு வரியைச் சொல்ல முடியவில்லை. அத்தை உடைந்துபோவார் என்கிறீர்கள். இரண்டு வருஷம் நான் உடையவில்லையா?

சனிக்கிழமை ஈப்போவுக்கு வந்தேன். உங்களைப் பார்க்க அல்ல. கெர்ட்ரூட் அக்காவின் கடைக்குப் போனேன். துணி போட வந்தவர்கள் நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே, "அக்கா, எனக்கு இது உங்க கடையில வரல. என் வீட்டுக்காரர்கிட்ட இருந்து வந்துச்சு. உங்களை அப்படிச் சொன்னது என் தப்பு" என்றேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நாக்கு அறுந்துபோகவில்லை. அவர் என்னைப் பிடித்துக்கொண்டார், "வயித்துல ஏதாச்சும் போட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

லூமுட்டில் ஒருத்தி இருந்திருந்தால், போய்த் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டு உங்களைத் திருப்பிக் கூட்டி வந்திருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தான், உங்களுக்கே தெரியும். இப்போது யாரோடு சண்டை போடுவது?

உங்களை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். எட்டு வருஷத்தில் சிரித்ததெல்லாம் உண்மைதான். ஆனால் நீங்கள் என் பின்னால் உட்கார்ந்தால் இனிமேல் என்னால் திரும்பி உட்கார்ந்திருக்க முடியாது.

என் துணி சிலது அங்கே இருக்கிறது. அவசரமில்லை, அக்கா மகன் ஒரு நாள் வந்து எடுத்துக்கொள்வான்.

அரிப்பு நின்றுவிட்டது என்று கிரீமைப் பாதியில் விடாதீர்கள். தடம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தடவச் சொல்லியிருக்கிறார்கள். பழனியப்பனிடமும் சொல்லுங்கள், அவன் அந்த டியூப்பைத் தன் பிள்ளைகளுக்கும் தடவுகிறான் என்று ஒரு தடவை சொன்னீர்கள். உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அதையாவது அப்படியே சொல்லுங்கள்.

மறுபடி பார்க்க ஜூன் பதினெட்டாம் தேதி இரண்டு பேருக்கும் சேர்த்து நேரம் கொடுத்திருந்தார்கள். நீங்கள் அன்றைக்கே போங்கள். நான் போன் செய்து பத்தொன்பதாம் தேதிக்கு மாற்றிக்கொண்டேன்.

தினேஸ்வரி